கோதை: வேந்தர் பெயர் மகளின் பெயரான வரலாறு

விருதுநகர் மாவட்டத்தில், பட்டாசுத் தொழிலால் அறியப்படும் சிவகாசிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள திருவில்லிபுத்தூரின் வழியாகவே ‘கோதை’ பெண்பெயராகத் தமிழகத்தில் நிலைபெற்றது என்றாலும், பழைய சான்றுகளில் அப்பெயரைத் தாங்கி நிற்போர் ஆண்கள், அதிலும் சேர வேந்தர்கள். தொடுத்த மாலையையும் மகளிர் கூந்தலையும் குறித்த இச்சொல், புறநானூற்றில் பொய்கையார் பாடிய சேரமான் கோக்கோதை மார்பனின் பெயரிலும், மனைவியை இழந்த துயரத்தை 245ஆம் பாடலாக்கிய சேரமான் மாக்கோதையின் பெயரிலும் காணப்படுகிறது. தமிழ் பிராமி எனப்படும் பழைய வரிவடிவத்தில் ‘மாக்கோதை’ என்று பொறித்த வெள்ளிக்காசுகளும் கிடைத்துள்ளன. கோதை இரவி என்னும் சேர மன்னரின் பெயரில் 10ஆம் நூற்றாண்டிலும் அவ்வழக்கு தொடர்கிறது.

திருவில்லிபுத்தூரின் துளசி வனத்தில் கண்டெடுத்த பெண் குழந்தைக்குப் பெரியாழ்வார் கோதை என்று பெயரிட்டதாகக் குருபரம்பரை நூல்கள், அதாவது வைணவ ஆசாரியர்களின் வரலாறு கூறும் நூல்கள், தெரிவிக்கின்றன. அதைவிட வலுவான சான்று, ஆண்டாள் என்று அறியப்படும் அம்மகளின் பாடல்களே. திருப்பாவையின் 30ஆம் பாசுரத்திலும், 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியின் பெரும்பாலான பதிகங்களின் முடிவிலும், பட்டர்பிரானின் கோதை, விட்டுசித்தனின் கோதை என்று தந்தையின் பெயரோடு தம் பெயரை அவர் பதித்து வைத்தார். பதிகத்தின் இறுதியில் பாடியவர் பெயர் வரும் முத்திரைக் கவி ஆழ்வார்களிடையே பொதுமரபுதான். ஆனால் பன்னிரு ஆழ்வார்களுள் அதில் ஒலிக்கும் ஒரே பெண் குரல் இது. வேந்தர்க்கு உரியதாயிருந்த பெயரை ஒரு மகளின் பெயராக மாற்றிய பெருமை அந்தக் கையெழுத்துக்கே உரியது எனலாம். ‘ஆண்டாள்’ என்று அவர் தம்மை எங்கும் குறிக்கவில்லை. அது அடியார்கள் அன்பால் வழங்கிய பெயர்.

வடமொழியில் இப்பெயர் ‘கோதா’ என்றாகி, வேதாந்த தேசிகரின் கோதாஸ்துதி வழியாகப் பரவியது. தெலுங்கில் கிருஷ்ணதேவராயர் ஆமுக்தமால்யதா என்னும் காவியத்தில் அவர் கதையைப் பாடிய பின்னர் ‘கோதாதேவி’ ஆந்திர நாட்டிலும் பழகிய பெயராயிற்று.

சிவகாசி வட்டாரத்தில் மாரியம்மாள், காளீஸ்வரி முதலிய பெயர்கள் ஊர்த் தெய்வத்திடமிருந்து பெண்களுக்கு வந்தவை. திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குத் திரளும் அதே மக்களிடையே வழங்கும் ஆண்டாள், கோதை ஆகியனவோ ஒரு கவிஞரிடமிருந்து வந்தவை. இந்த வேறுபாடு இன்னும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

பிற்காலத்தில் ‘நாயகி’ சேர்ந்து நீண்ட கோதை என்னும் பெயருக்கு அச்சுலகில் இடம் பெற்றுத் தந்தவர் வை.மு.கோதைநாயகி (1901–1960). ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட புதினங்களை எழுதிய அவரும், குடும்பத்தின் தலைப்பெழுத்துகளோடு தம் பெயரை இணைத்தே ஒவ்வொன்றையும் வெளியிட்டார்.