மகனும் 'சரி' சொன்னான்

என் 9 வயது மகனுக்கு அடிக்கடி வலிப்பு வரும். புது மருந்து ஆய்வில் சேர்க்கலாமா என்று டாக்டர் கேட்டதும், "பிள்ளையை சோதனை எலியாக்கப் போறியா?" என்று மாமியார் அழுதே விட்டார். எனக்கும் பயம்தான். தமிழில் இருந்த ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, நானும் கணவரும் இரண்டு நாள் வரி வரியாகப் படித்தோம். சந்தேகங்களை நோட்டில் எழுதிப் போய்க் கேட்டேன். பழைய மாத்திரை தொடருமாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாமாம். ஆனால், தருவது நிஜ மருந்தா, வெற்று மாத்திரையா என்பது டாக்டருக்கே தெரியாதாம்! அதுதான் மனசை அரித்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி, 7 வயது தாண்டிய பிள்ளையின் சம்மதமும் வேண்டுமாம். அவனிடமே கேட்டார் டாக்டர். "எத்தனை ஊசி?" என்றான். "ரத்தம் எடுக்க மட்டும், மாசம் ஒண்ணு." "சரி." அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

நாலு மாதமாகிறது. வலிப்பு வரும் நாட்களைக் காலண்டரில் அவனே குறிக்கிறான். போன மாதம் இரண்டு.

- ஒரு வாசகி, மதுரை