யார் ஏறியது?

மலை சைக்கிளை வெறும் விளையாட்டாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். படட்டும். இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில், ஃபினாலே லிகூரே என்கிற சிறு ஊரில், ஒரு வழிகாட்டியின் பின்னால் நாள் முழுக்க சைக்கிளில் மலையிறங்கினேன். அப்போது எழுந்த கேள்வி ஒன்றுதான்: இறங்குவது நாங்கள், சரி, யார் ஏறியது?

அங்கே மலை கடலை ஒட்டியே எழும்பிவிடுகிறது. சமவெளி பேருக்குத்தான். தமிழ் எம்.ஏ. படித்த புத்தி சும்மா இருக்குமா? குறிஞ்சியும் நெய்தலும் ஒன்றாகக் கண்ணில் பட்டதுமே திணைமயக்கம்னு பெயர் வைத்துவிட்டது. பெயர் வைத்தால் பார்த்தாயிற்று என்று நினைப்பது நம் வாசிப்பின் பழைய கோளாறு.

காலையில் எங்களை வேனிலும் சைக்கிள்களை டிரெய்லரிலும் ஏற்றி, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், பனிப்போர்க் காலத்து நேட்டோ தகவல்தொடர்பு நிலையம் இருந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். மேலே பீச் மரக்காடு. அதற்குக் கீழே செஸ்ட்நட். பிறகு ‘மக்கியா’ எனப்படும் அடர்ந்த புதர்க்காடு. கடைசியில் ஆலிவ், கடல். ஏற்றத்தின் வேலையை டீசல் பார்த்துக்கொண்டது. எண்டியூரோ பந்தயத்தின் விதியும் இதற்குத் தூரமில்லை. 2013இல் தொடங்கிய எண்டியூரோ உலகத் தொடரின் முதல் வருடக் கடைசிப் பந்தயம் இங்கேதான் நடந்தது. இறக்கங்களுக்குத்தான் அதில் கடிகாரம். ஏற்றத்தைக் குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். ஜெயிப்பது தோற்பது அதில் இல்லை.

ஆனால் நாங்கள் இறங்கிய பாதைகளில் பல, கோவேறு கழுதைகளுக்காகப் போட்டவை. விறகும் செஸ்ட்நட்டும் ஆலிவும் இவற்றின் வழியேதான் போய்வந்தன. அவற்றோடு நடந்தவர்களுக்கு ஏற்றம்தான் வாழ்க்கை. சரிவை வெட்டிப் படிப்படியாக வயலாக்கி, ஒவ்வொரு படியையும் சாந்து பூசாத கல்சுவரால் தாங்கவைத்தார்கள். சாந்து இல்லாததுதான் அதன் பலம். மழைநீர் கல்லிடுக்குகளில் கசிந்து வெளியேறிவிடும். பின்னாலிருக்கும் மண் ஊறிச் சுவரைத் தள்ளாது. ஆனால் வருஷா வருஷம் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வேர் துருத்தி ஒரு கல் நழுவினால் அடுத்த மழையில் பின்னிருக்கும் மண் வந்துவிடும். இந்தக் கலையை இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் மரபாக யுனெஸ்கோ 2018இல் பட்டியலில் சேர்த்தது. அதற்கு வெகுகாலம் முன்பே உழுதவர்களில் பலர் ஆலை வேலைக்கும் கரையோர ஊர்களுக்கும் இறங்கிப் போய்விட்டிருந்தார்கள்.

அப்படியொரு சுவரோரம், வளைவுக்குள் போனபிறகு பயந்து பிரேக்கை இறுகப் பிடித்தேன். பின்சக்கரம் வழுக்கிச் சுவரில் மோதியது. இரண்டு கற்கள் விழுந்தன. வழிகாட்டி சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். எனக்கு அடியில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு கற்களைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, உட்காரும் பக்கம் கண்டு, சின்னச் சில்லு ஒன்றை ஆப்பாகச் செருகினார். பத்து நிமிஷம். “வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சிடணும். சக்கரம் உருண்டா பாதை இருக்கும், இழுபட்டா பாதை போயிடும்” என்றார். சொன்னதென்னவோ ஓட்டும் நுட்பம்தான்.

ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலில் நீலநிற வழிகாட்டிப் புத்தகங்களைக் கட்டுடைக்கிறார்: அவற்றில் நினைவுச்சின்னங்கள் நிற்கின்றன, மனிதர்கள் காணாமல் போகிறார்கள். இங்கும் அதுவே. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ரோமானியப் பாலங்கள் உள்ள சாலைக்கு, வியா ஜூலியா அகஸ்டா என்று சக்கரவர்த்தியின் பெயரும் கி.மு. 13 என்று வருஷமும் உண்டு. கழுதைப் பாதையைப் போட்டவர்களுக்குப் பெயருமில்லை, வருஷமுமில்லை.

வழிகாட்டியின் செயலை மனிதாபிமானம் என்று வியந்து முடித்துவிடலாம். அது சோம்பேறி வாசிப்பு. சுவர் அவருடைய பிழைப்பு. பாதை விற்பனைச் சரக்கு. வெறும் நுகர்வு என்று ஒதுக்குவதும் அதே சோம்பேறித்தனம்தான். யாரும் போகாத பாதையைச் சில வருஷங்களில் மக்கியா விழுங்கிவிடும். பாதையைத் தேய்க்கிற சக்கரம்தான் அதைக் காப்பாற்றவும் செய்கிறது என்கிற சங்கடத்தை, எந்தப் பக்கமும் சாயாமல் வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் நான் வேனில் போகவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதே பாதையில் ஏறினேன். பாதிகூட முடியவில்லை.