மழையில் பிரேக் ஏன் வழுக்குகிறது?

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடியைத் தாண்டிப் போய், பொன்னேரியில் மலைப்பக்கம் திரும்பினால் ஏலகிரிப் பாதை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரி, கபிலர் என்று வள்ளல்கள், புலவர்கள் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு இந்த ஏற்றம் மிகவும் பிடிக்கும். மழையில் ஏறுவது சுகம்கூட. உடம்புச் சூட்டை மழைத்தண்ணீர் வாங்கிக்கொள்ளும். இறங்கும்போதுதான் விஷயமே இருக்கிறது.

அடிவாரத்திலிருந்து மேலே போக ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 55 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிதித்து மிதித்து நீங்கள் சேர்த்த ஆற்றல் சுமார் 3,30,000 ஜூல். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய அது போதும்! இறங்கும்போது அவ்வளவையும் எங்கேயாவது செலவழித்தாக வேண்டும். கொஞ்சத்தைக் காற்று பறித்துக்கொள்ளும். மீதியை உரசி உரசிச் சூடாக மாற்றுவது பிரேக்கின் வேலை. உரசலே நடக்கவில்லை என்றால்?

டயர் வழுக்கிவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். கார் டயர் வேகமாகப் போகும்போது தண்ணீரின்மேல் மிதந்துவிடுவது உண்டு. சைக்கிள் டயரோ குறுகலானது, வட்ட முதுகுள்ளது, உள்ளே காற்றழுத்தமும் அதிகம். நாம் ஓட்டும் வேகத்தில் அது தண்ணீரை இருபுறமும் தள்ளிவிட்டுத் தரையைத் தொட்டுவிடும். சாலையில் எண்ணெய்ப் படலம், வெள்ளைக் கோடு, இரும்பு மூடி இருக்கும் இடங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்.

ஆபத்து இருப்பது பிரேக் கட்டை உரசும் சக்கர வளையத்தில், அதாவது ரிம்மில். அப்பாவோ தாத்தாவோ ஓட்டும் பெரிய சைக்கிளைப் பாருங்கள். ரிம் எஃகு, அதன்மேல் குரோமியம் முலாம். முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. மழையில் அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒட்டிக்கொள்கிறது. கட்டையின் ரப்பர் தண்ணீரை உறிஞ்சாது. ஆகவே பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் அந்தப் படலத்தின்மேலேயே சறுக்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் டேவிட் கார்டன் வில்சனும் அவருடைய மாணவர்களும் 1970களில் இதை அளந்து பார்த்தார்கள். நனைந்த ரிம்மில் சாதாரணக் கட்டையின் பிடிமானம், காய்ந்த ரிம்மில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கை லேசாக அழுத்துங்கள். எத்தனை சுற்றில் நிற்கிறது? இப்போது ரிம்மில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அதே போல் சுற்றி, அதே அளவு அழுத்துங்கள். விரல்கள் ஆரக்கம்பிப் பக்கம் போகக் கூடாது. முதல் சில சுற்றுகளுக்குச் சக்கரம் பிரேக்கை மதிக்காமல் ஓடும். கட்டை தண்ணீரை வழித்தெடுத்த பிறகுதான் பிடி கிடைக்கும்.

பெரிய சைக்கிளின் சக்கரம் ஒருமுறை சுற்றினால் சுமார் 2.2 மீட்டர் போகும். தண்ணீரை வழிக்கப் பத்துச் சுற்று பிடித்தால், அதற்குள் 22 மீட்டர் ஓடிவிட்டது. கொண்டை ஊசி வளைவு அவ்வளவு நேரம் காத்திருக்குமா? அதனால்தான் அனுபவசாலிகள் மழை இறக்கத்தில் வளைவு வருவதற்கு வெகுமுன்பே இரண்டு பிரேக்கையும் லேசாக உரசவிட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே வருவார்கள். கடைசி நொடியில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது மோசம். ரிம் சட்டென்று காய்ந்து பிடித்துக்கொண்டால் ஆள் முன்னால் தூக்கி எறியப்படுவார்.

இனி வருவதை ஆம்பூர்ப் பிள்ளைகள் உரிமையோடு கேட்கலாம். இந்தச் சிக்கலுக்கு ஒரு காலத்தில் கிடைத்த நல்ல விடைகளில் ஒன்று, நம் ஊர்த் தொழிலான தோல்! பிரிட்டனின் ஃபைப்ராக்ஸ் நிறுவனம் தோல் பதித்த பிரேக் கட்டைகளை மழைக்கென்றே விற்றது. தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் கொலாஜன் என்ற புரதத்தின் நார்கள் பின்னிப்பிணைந்து கிடக்கும். தோல் பதனிடுவது என்றால் அந்த நார்கள் அழுகாதபடி ஒன்றோடொன்று கட்டிப்போடுவதுதான். நம் வட்டாரத்தில் முன்பு ஆவாரம் பட்டையால் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்பு. டேனரியில் ஈரமாக அடுக்கியிருக்கும் தோல் இளநீலமாக இருப்பது அந்த உப்பினால்தான். ரிம்மை வழவழப்பாக்கி வழுக்கவைக்கும் அதே தனிமம்! நார்களுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் ரிம்மின் நீர்ப்படலத்தை வாங்கிக்கொள்கின்றன, நார்கள் உலோகத்தைத் தொடுகின்றன, பிரேக் பிடிக்கிறது.

பிறகு அலுமினிய ரிம் பரவியது. நனைந்தாலும் ரப்பர் அதில் ஓரளவு நன்றாகவே பிடிக்கும். தோலோ மண்துகள்களைப் பிடித்துவைத்து, மென்மையான அலுமினியத்தை அரித்துவிடும். அடுத்து டிஸ்க் பிரேக் வந்தது. சாலைத் தண்ணீரிலிருந்து விலகிச் சக்கரத்தின் நடுவில் இருப்பதால் அதற்கு மழை பெரிய பொருட்டில்லை. தோல் கட்டைகள் கடைகளிலிருந்து மறைந்தன. ஆனால் எஃகு ரிம் சைக்கிள்கள் நம் தெருக்களில் இன்றும் ஓடுகின்றன, மழையிலும்.