வழிகாட்டி வீட்டிலேயே இருக்கிறார்

அப்பா அம்மாவை எங்காவது கூட்டிப் போய்ப் பெரிய கட்டடங்களைக் காட்ட வேண்டும் என்ற பேச்சு ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை வீடுகளில் எழுந்தால், முதலில் வருவது தாஜ்மகால், அடுத்து மைசூர் அரண்மனை. டிக்கெட், லாட்ஜ், லீவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பேச்சு முடிந்துபோகும். முழங்கால் வலி அடுத்த வருஷம் வரை காத்திருப்பதில்லை. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடும் சென்ட்ரல் வட்டாரத்துக்குத்தான் முதலில் போக வேண்டும் என்கிறேன். கிட்டத்தில் இருக்கிறது, செலவு குறைவு என்பதெல்லாம் துணைக் காரணங்கள். அந்த இடத்தை நமக்குக் காட்டத் தெரிந்தவர்கள் பெற்றோரே என்பதுதான் முதல் காரணம்.

ரயில் நிற்கும் இடத்திலிருந்தே இது தொடங்குகிறது. மூர்மார்க்கெட் வளாகம் என்ற பெயர் நிலையத்துக்கு மிஞ்சியிருக்கிறது. 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடச் சந்தை 1985இல் தீயில் அழிந்தது. அன்று இருபத்தைந்து வயதில் இருந்தவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது வெறும் பழைய புகைப்படம். எந்தப் பக்கம் நுழைந்தால் பழைய புத்தகக் கடை வரும், சொன்ன விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்க வேண்டும் என்பதைப் புகைப்படம் சொல்லாது. ஒரு கட்டடத்தின் உயரமும் அகலமும் வரைபடத்தில் கிடைக்கும். மனிதர்கள் அதற்குள் எப்படிப் புழங்கினார்கள் என்பது புழங்கியவர்களிடம் மட்டுமே இருக்கிறது. அவர்கள் நடமாடும்போதே அங்கே நிறுத்திக் கேட்டுவிட வேண்டும்.

நிற்கிற கட்டடங்களுக்கும் இது பொருந்தும். 1873இல் திறந்த சென்ட்ரல் நிலையம், 1883இல் அடிக்கல் நாட்டிய விக்டோரியா பப்ளிக் ஹால், 1913இல் திறந்த ரிப்பன் மாளிகை ஆகிய மூன்றும் சில நூறு மீட்டருக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. கட்டடக் கலைஞர் சிஸ்ஹோம் வரைந்த விக்டோரியா ஹாலின் செங்கல் சிவப்பும், பக்கத்திலேயே ஹாரிஸ் வரைந்த ரிப்பன் மாளிகையின் வெள்ளையும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன. ஆவடி வட்டாரத்துப் பெற்றோரில் எத்தனையோ பேர் கனரக வாகனத் தொழிற்சாலையான எச்விஎஃப்பில் ஃபிட்டராகவும் வெல்டராகவும், ராணுவ உடைத் தொழிற்சாலையான ஓசிஎஃப்பில் தையலிலும், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்திலும் ஆயுளைக் கழித்தவர்கள். அளவு, இணைப்பு, பாரம் இறங்கும் வழி இவையெல்லாம் அவர்கள் கையோடு பழகியவை. இரும்பு உத்தரம் இல்லாமல் ஒரு செங்கல் வளைவு மேலே இருக்கும் சுவரை எப்படித் தாங்குகிறது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சுற்றுலாப் புத்தகத்தில் இல்லாத பதில் வரும்.

வெள்ளைக்காரன் அதிகாரத்தைக் காட்டக் கட்டியதை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அதிகாரத்தைக் காட்டக் கட்டியது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் அது பாதிக் கதை. விக்டோரியா ஹாலையும் உயர் நீதிமன்றத்தையும் கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். ரிப்பன் மாளிகையைக் கட்டியவர் லோகநாத முதலியார். செங்கல் சுட்டு, சுண்ணாம்பு அரைத்து, சாரத்தில் ஏறியவர்களின் பெயர் கல்வெட்டில் இல்லை, அவ்வளவுதான். ஹாலுக்குப் பணம் நன்கொடையாகத் திரண்டது. அடிக்கல் நாட்டியவர் விஜயநகரம் மகாராஜா. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகம் போட்டது அங்கே. 1897இல் விவேகானந்தர் பேசியதும் அங்கேதான். ராணியின் பெயர் வாசலில் இருந்தாலும், உள்ளே நடந்தது நம் வாழ்க்கை.

பெரியவர்கள் கோயிலுக்குத்தானே ஆசைப்படுவார்கள் என்பது இன்னொரு கேள்வி. திருமுல்லைவாயிலும் திருநின்றவூரும் பக்கத்திலேயே இருக்கின்றன. மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். அங்கே போகட்டும், அடிக்கடி போகட்டும். ஆனால் சன்னிதியில் கண் சுவாமியைத் தேடுகிறது. தூணுக்கும் விதானத்துக்கும் அது திரும்புவதில்லை, திரும்ப வேண்டியதும் இல்லை. கட்டடத்தைக் கட்டடமாகவே பார்ப்பது வேறு வேலை. அதற்கு நின்று, உட்கார்ந்து, வேண்டுதல் எதுவும் இல்லாத ஒரு காலைப் பொழுது வேண்டும்.

உடம்பு ஒத்துழைக்குமா என்ற கவலைதான் எல்லாவற்றிலும் நியாயமானது. வெயில், படிக்கட்டு, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் போக்குவரத்து மூன்றும் வயதானவர்களுக்குக் கடினம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். சாலையைக் கடக்க சென்ட்ரல் மெட்ரோவின் லிஃப்டும் சுரங்கப் பாதையும் உதவும். அன்று ரிப்பன் மாளிகை அலுவலகம் இயங்காது; வெளியிலிருந்து பார்ப்பதற்கு அது தடையில்லை. ஒரே நாளில் உயர் நீதிமன்றம், எழும்பூர், அருங்காட்சியகம் என்று இழுத்துக்கொண்டு போவது மட்டும் கூடாது. பெரியவர் களைத்தால் பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றால் போனதில் பயனில்லை.

மிச்சத்தை இன்னொரு ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது ராயபுரம் நிலையத்துக்குப் போகச் சொல்வேன். ஆவடியிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டு, ஆவடியைக் கடந்துதான் போனது. அந்த நிலையத்தின் தூண்களைப் பார்க்கப் போகிறவர்கள், போகும் வழியெல்லாம் அப்பா எந்த வருஷத்திலிருந்து இந்தத் தடத்தில் வேலைக்குப் போய் வந்தார் என்பதையும் கேட்டுக்கொண்டே போகலாம்.