கண்ணாடிக்குள் ஒரு கழிமுகக் கரை

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுப் பகுதியில் நீர் வற்றியதும் அலையாத்திச் செடிகளின் அடியில் சேறு அசையத் தொடங்கும். உச்சந்தலையில் புடைத்த கண்களோடு, முன்துடுப்புகளை ஊன்றி, விரலளவு மீன்கள் சேற்றின்மேல் தவழும். ஆள் நிழல் பட்டால் துள்ளி வளைக்குள் மறையும். உளுவை மீனின் உறவான இவற்றைச் சேற்றுத்தாவி என்கிறோம். ஊரின் இன்னொரு பக்கம், தட்டாஞ்சாவடியில் ஒரு வீட்டுக் கூடத்தில் இதை வளர்க்க ஆசைப்படுகிறவர், மீன் என்றதும் தண்ணீர், மோட்டார், குமிழி என்றுதான் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். இந்த மீனுக்குத் தொட்டி அமைக்கும்போது முதல் கவலை காற்றைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. சேற்றுத்தாவி தோலாலும் வாய், தொண்டை உட்சுவராலும் காற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. செவுள் அறைக்குள் கொஞ்சம் நீரை அடக்கிக்கொண்டு கரையேறுகிறது. தோல் ஈரமாக இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு செல்லும். அதனால்தான் அவ்வப்போது ஈரச் சேற்றில் புரண்டுகொள்கிறது. கடலோர ஊர்தானே, காற்றில் ஈரத்துக்கு என்ன குறை என்று கேட்கலாம். வெளியே குறையில்லை. ஆனால் கூடத்தில் நாள் முழுவதும் மின்விசிறி சுழலும். ஏசி இருந்தால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆகவே மோட்டாருக்கு முன்னால் வாங்க வேண்டியது, சிறிய துளை மட்டும் விட்டுப் பொருத்தமாக மூடும் ஒரு கண்ணாடி மூடி. உள்ளே காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக நிற்கும்; கண்ணாடியில் ஒட்டி ஏறும் மீன் வெளியே விழுந்து காய்ந்து சாகாமலும் காக்கும். தொட்டி உயரமாக இருந்து பயனில்லை. மூன்றடி நீளம், நல்ல அகலம், அதில் பாதிக்கு மேல் சரிவான மணல்கரை, ஏறி உட்கார மரவேர், கீழ்ப்பக்கம் சாண் ஆழத்துக்கும் குறைவான நீர் இருந்தால் போதும்.

தண்ணீரை அலட்சியம் செய்யலாம் என்று இதற்குப் பொருளில்லை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கழிமுக மீனுக்கு அதில் ஏறக்குறையப் பாதி போதும். பக்கத்து மரக்காணத்து உப்பளத்துக் கல்லுப்பைக் கரைத்தால் ஆகாதா? ஆகாது. பாத்தியில் உப்பு படியும்போது மக்னீசியம் போன்றவை பெரும்பாலும் மிஞ்சிய நீரிலேயே தங்கிவிடுகின்றன. கையில் கிடைப்பது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. உப்புக் கரிக்கும் போர்வெல் நீரும் கடல் நீருக்கு ஈடாகாது. கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்பை, குளோரின் நீக்கிய நீரில் கலப்பதே நல்லது. ஆவியாகிப் போவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். எனவே குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். உப்பு நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் சில வாரங்களில் கரிப்பு ஏறிவிடும்.

எந்த மீன் என்பதிலும் கவனம் வேண்டும். பிச்சாவரத்திலும் காணப்படும் நீலப்புள்ளிச் சேற்றுத்தாவி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, ஈரச் சேற்றின் மேற்படிவிலுள்ள நுண்பாசியை மேய்வது. வெயிலும் ஓதமும் வளர்க்கும் அந்த மேய்ச்சலை வீட்டில் உண்டாக்குவது மிகக் கடினம். அதைப் பிடித்து வருவது பட்டினி போடுவதற்குச் சமம். புழு, பூச்சி, சின்ன நண்டு தின்னும் சிறிய இனங்களே தொட்டிக்குத் தாங்கும். துணைக்கு நாலைந்து விடலாமே என்பார்கள். ஆண் மீன்கள் எல்லை வகுத்துக்கொண்டு முதுகுத்துடுப்பை விரித்துச் சண்டையிடும். தோற்றதற்கு ஓட இடமிருக்காது.

தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தால் காட்டு மீனைப் பிடிக்க வேண்டியதில்லையே என்ற எண்ணம் நியாயமானது. அதற்கும் காற்றுதான் தடை. சேற்றுக்குள் ஆழமாகத் தோண்டிய வளையின் கூரையில் முட்டைகள் ஒட்டியிருக்கும். அங்குள்ள நீரில் உயிர்வளி மிகக் குறைவு. ஜப்பானில் ஆராயப்பட்ட ஓர் இனத்தில், ஆண் மீன் வாய் வாயாகக் காற்றைக் கொண்டுபோய் அந்த அறையை நிரப்புகிறது. முட்டை முதிர்ந்ததும், ஓதம் ஏறும் இரவில் அந்தக் காற்றை அதுவே வெளியேற்றி, நீர் புகவிட்டுக் குஞ்சுகளை வெளிவரச் செய்கிறது. நான்கு விரல் மணலில் இது நடக்காது. ஆகவே வீட்டுக்கு வரும் சேற்றுத்தாவி பெரும்பாலும் ஏதோ ஒரு கரையிலிருந்து பிடிக்கப்பட்டதாகவே இருக்கும். வளர்த்தே தீர வேண்டும் என்பவர், ஒற்றை மீனோடு நிறுத்திக்கொள்ளட்டும். முட்டை காக்கும் ஆண் உள்ள வளைகளை மட்டும் யாரும் தோண்ட வேண்டாம்.