தலைக்கு வைக்கும் எண்ணெயும் தலைமுடியும்

ஆலயத்தில் குழந்தைக்கு முடியிறக்கி, வழித்த தலையில் சந்தனம் பூசி வெளியே வரும் இளந்தாய்மார்கள் என்னைக் கண்டால் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஆன்ட்டி, இனிமே முடி அடர்த்தியா வளர என்ன எண்ணெய் வைக்கலாம்?" செம்பவாங் வட்டாரத்தில் வசிக்கும் எங்கள் குடும்பம் வழிபடச் செல்வது ஈசூனில் அமைந்துள்ள புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பது அங்கு வருவோர் பலருக்குத் தெரியும். நின்ற இடத்தில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவேன். அப்படிச் சொன்னது போதவில்லை என்று எனக்கே தோன்றியதால் இங்கு விரிவாக எழுதுகிறேன்.

நான் பிறந்தது செம்பவாங் நேவல் பேஸ் குடியிருப்பில். ஆங்கிலேயர் 1938இல் திறந்த அந்தக் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் என் தந்தையார் வேலை பார்த்தார். எங்கள் வரிசையில் பாதி வீடுகள் மலையாளிகளுடையவை, பாதி தமிழர்களுடையவை. எங்கள் வீட்டில் நல்லெண்ணெய். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் மூலிகை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். செவ்வாய், வெள்ளிகளில் அம்மா எங்கள் தலையில் நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டுவார். சீயக்காய் கண்ணில் பட்டு நாங்கள் அலறுவது கான்பரா ரோடு வரை கேட்கும். சேச்சியின் கூந்தலோ முழங்கால் வரை தொங்கும். "எல்லாம் அந்த எண்ணெயாலதான்" என்று அம்மாவுக்கு ஒரு பெருமூச்சு. சேச்சியின் தாயாருக்கும் அதே கூந்தல்தான். அதை நாங்கள் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எண்ணெயால் முடி வளருமா? முடி வளரும் இடம் தோலுக்கு அடியில் உள்ள வேர்ப்பை. அங்கே உயிரணுக்கள் பிரிந்து பெருகி, இரத்தம் கொண்டுவரும் சத்தை வாங்கி முடியை உருவாக்குகின்றன. வெளியே நாம் காண்பது கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற இழை. அதனால்தான் முடி வெட்டும்போது வலிப்பதில்லை. ஒரு தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கும். ஒவ்வொன்றும் மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வீதம் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, பிறகு மூன்று மாதம்போல் ஓய்வெடுத்து உதிரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கையே. வளரும் பருவம் ஒருவருக்கு இரண்டு ஆண்டா, ஆறு ஆண்டா என்பது பெரும்பாலும் பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது. சேச்சி வீட்டுக் கூந்தலின் இரகசியம் அதுதான்.

அப்படியானால் நம் முன்னோர் எண்ணெய் வைத்தது வீணா? இல்லவே இல்லை. வளர்ந்த முடி ஒடியாமல், பிளவுபடாமல் நீண்ட நாள் தலையில் இருப்பதற்கு எண்ணெய் உதவுகிறது. பார்வைக்கு அது வளர்ச்சியாகவே தெரியும். முடி தண்ணீரில் நனையும்போது ஊதும், காயும்போது சுருங்கும். இப்படி ஊதி ஊதிச் சுருங்குவதில் அதன் மேற்செதில்கள் தளர்ந்து உள்ளிருக்கும் புரதம் கசிந்து போகிறது. 2003ஆம் ஆண்டில் மும்பையிலுள்ள மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்தபோது, புரத இழப்பைத் தேங்காய் எண்ணெய் ஒன்றுதான் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது என்று கண்டார்கள். அந்நிறுவனம் தேங்காய் எண்ணெய் விற்பனை செய்வது என்பதையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எனினும் காரணம் பொருந்தி வருகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது, புரதத்தோடு ஒட்டும் இயல்புடையது. ஆகவே இழைக்குள் நுழைகிறது. கனிம எண்ணெய் மேலேயே நின்று பளபளப்பை மட்டும் தரும். கடைகளில் கிடைக்கும் பல 'ஹேர் ஆயில்' புட்டிகளில் பெரும்பகுதி இந்தக் கனிம எண்ணெய்தான். மூலிகைப் படம் முன்னட்டையில் பெரிதாக இருக்கும். உள்ளே இருப்பது பின்னட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும். தேக்காவில் வாங்கும்போது புட்டியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

இதில் என்னை வியக்கவைத்தது நம் வழக்கத்தின் வரிசைமுறை. குளித்த பிறகு எண்ணெய் பூசுவதைவிட, குளிக்கும் முன் எண்ணெய் வைத்துப் பிறகு அலசுவதுதான் முடி ஊதுவதைத் தடுக்கிறது. எண்ணெய்க் குளியலில் நம் பாட்டிமார் செய்தது இதுவேயன்றோ!

நல்லெண்ணெயில் இருப்பவை பெரும்பாலும் வேறு வகைக் கொழுப்பு அமிலங்கள். அது தேங்காய் எண்ணெய் அளவுக்கு உள்ளே செல்லாது என்றாலும் சிக்கெடுக்கவும் உராய்வைக் குறைக்கவும் நல்லது. விளக்கெண்ணெய் மிகவும் பிசுபிசுப்பானது. அதைத் தனியாக நீண்ட கூந்தலில் தேய்த்தால் அரிதாகச் சிலருக்கு முடி கம்பளிபோல் இறுகி, வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லாமல் போனதும் உண்டு. வேண்டுமானால் நான்கு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு விளக்கெண்ணெய் என்று கலந்துகொள்ளலாம்.

கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை இவற்றைப் பற்றி நிறையக் கேள்விப்படுகிறோம். எலிகளின் தோலில் பூசிப் பார்த்த சோதனைகள் உண்டு; மனிதரிடம் முறையாகச் செய்தவை மிகவும் குறைவு. மேல்நாட்டில் இரண்டு சோதனைகள் குறிப்பிடத்தக்கவை. 1998இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில், வட்டவட்டமாக முடி கொட்டும் புழுவெட்டு நோயாளிகள் 86 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினருக்குத் தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், தேவதாரு எண்ணெய்களைச் சாதாரண எண்ணெயில் கலந்தும், மறு குழுவினருக்கு வெறும் சாதாரண எண்ணெயையும் கொடுத்துத் தினமும் தேய்க்கச் சொன்னார்கள். ஏழு மாதத்தில் முதல் குழுவில் 44 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் குழுவில் 15 விழுக்காட்டினருக்கும் பலன் தெரிந்தது. 2015இல் ஈரானில் ஆண்வழுக்கை உள்ள 100 பேரிடம் ரோஸ்மேரி எண்ணெயையும் 2 விழுக்காடு மினாக்சிடில் மருந்தையும் ஆறு மாதம் ஒப்பிட்டு, இரண்டும் ஏறக்குறையச் சமம் என்றார்கள். ஆனால் எதுவுமே பூசாத குழு ஒன்று அதில் இல்லை. ஆகவே நான் அதைப் பெரிதாக நம்பவில்லை. அடியோடு ஒதுக்கவும் இல்லை.

சேச்சியின் எண்ணெயை இன்றும் நான் வீட்டில் காய்ச்சுகிறேன், வாசனைக்காகவும் பழைய நினைவுக்காகவும். அரை லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, ஐந்தாறு செம்பருத்திப் பூ, ஒரு தேக்கரண்டி வெந்தயம். தாழ்வாரத்துத் தொட்டியில் வளர்வதே போதும். இலையையும் பூவையும் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தியபின் அடி கனத்த பாத்திரத்தில் எண்ணெயோடு சேர்த்து மெல்லிய தீயில் வைக்க வேண்டும். சடசடவென்ற ஓசை எழும். உள்ளிருக்கும் நீர் வெளியேறும் ஓசை அது. ஓசை அடங்கி, இலையை எடுத்து நசுக்கினால் மணலைப்போல் உதிரும் பதத்தில் இறக்கிவிட வேண்டும். முன்னதாக இறக்கினால் நீர் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பிந்தினால் கருகல் வாடை வரும். ஆறியதும் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இரண்டு மூன்று மாதத்திற்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்சாதன அறையில் எண்ணெய் உறைந்து போனால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவில் உறையும் இயல்புடையது. நேவல் பேஸ் வீட்டில் அது உறைந்து நான் பார்த்ததே இல்லை.

வாரம் ஓரிரு முறை, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு தேக்கரண்டி வைத்தால் போதும். நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் நாள்கணக்கில் எண்ணெய்த் தலையோடு இருப்பது சரியல்ல. பொடுகு உள்ளவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் நுண்பூஞ்சை கொழுப்பை உண்டு வாழ்வது. 'தலை வறண்டு செதில் உதிர்கிறது' என்று எண்ணி மேலும் மேலும் எண்ணெய் வைப்பது அதற்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். அவர்களுக்கு வேண்டியது கீட்டோகொனசோல் போன்ற மருந்து கலந்த ஷாம்பூ. முதியவர்கள் எண்ணெய் தேய்த்த காலோடு குளியலறைக்குள் தனியாகச் செல்ல வேண்டாம். தீபாவளிக் காலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களைப் பணிக்காலத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

இனி என் சொந்தக் கதை ஒன்று. என் தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஒரு வருடம் கழிந்த சமயம். சீப்பு வைத்த இடமெல்லாம் கொத்துக் கொத்தாக முடி வந்தது. பிள்ளை பெற்ற இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவதும், பிறகு தானாகவே சரியாவதும் வழக்கம்தான். கடும் காய்ச்சலுக்குப் பிறகும் அப்படி நேரும். ஆனால் இது அந்தக் கணக்கில் சேராத காலம். அம்மா எண்ணெயை மாற்றினார். ஊரிலிருந்து தைலம் வந்தது. நானும் விடுமுறை நாள்களில் சென்று அவள் தலையைத் தேய்த்துவிட்டேன். ஏறக்குறைய எட்டு மாதம் இப்படியே போயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னபோதுகூட, "ரெண்டு பிள்ளைங்க வச்சிருக்கே, அசதி இருக்கத்தான் செய்யும்" என்று நானே பதில் சொன்னேன். ஒரு நாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்தாள். பலதுறை மருந்தகத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. மாதவிடாய்ப் போக்கு அதிகமாக இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய நான் கேட்கவும் இல்லை. பிறர் வீட்டுப் பெண்களின் வெளிறிய நகத்தைக் கண்டே இரத்தசோகை என்று சொல்லக்கூடிய நான், என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தவளின் முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புச்சத்து மாத்திரையும் மாதவிடாய்க்கான சிகிச்சையும் தொடங்கிய பின் உடல் தேற மூன்று மாதம், முடி பழையபடி ஆக ஒரு வருடம் ஆயிற்று. அப்போதும் எண்ணெய் வைத்தோம். ஆனால் அதை மருந்தாக எண்ணி வைக்கவில்லை.

ஆகவே முடி திடீரெனக் கொட்டினால், கூடவே அசதி, உடல் எடையில் மாற்றம், மாதவிடாய்க் கோளாறு ஏதேனும் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைபாடும் இப்படித் தொடங்குவதுண்டு. பிள்ளைகளின் தலையில் செதிலோடு வட்டமாக முடி ஒடிந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேண்டும். எண்ணெய் தடவிய அதே சீப்பு வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரப்பிவிடும். நெற்றியோரம் மட்டும் முடி குறைந்தால் இழுத்துக் கட்டும் சடையைத் தளர்த்துங்கள்.

முடியிறக்கிய குழந்தைக்கு வருவோம். மழித்தால் முடி தடிமனாக வளரும் என்பது உண்மையல்ல. 1928லேயே அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அம்மையார் ஆண்களின் தாடியை மழிக்கச் செய்து அளந்து, வேகமும் தடிமனும் மாறவில்லை என்று காட்டிவிட்டார். வெட்டுப்பட்ட முனை மழுங்கியிருப்பதால் தடவினால் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. முடியிறக்குவது நம் நேர்த்திக்கடன்; அடர்த்திக்காக அல்ல.

கத்தி பட்ட இடங்கள் ஆறும்வரை இரண்டு மூன்று நாள் எந்த எண்ணெயும் வேண்டாம். பிறகு சுத்தமான தேங்காய் எண்ணெய் சில சொட்டுகள் போதும். கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் தலையில் தடவவே கூடாது. கீறல் வழியாகவும், விரல் சூப்பும்போது வாய் வழியாகவும் கற்பூரம் உடலுக்குள் சென்றால் வலிப்பு வரும். இன்னொன்று. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1965 முதல் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, அலமாரியில் போடும் பாச்சை உருண்டையைப் போலவே மருதாணியும் இரத்த அணுக்களை உடைத்துவிடக்கூடும். கைக்கு இடுவதற்கும் இது பொருந்தும், தலைக்குத் தேய்ப்பதற்கும் பொருந்தும். பாட்டி வீட்டில் குழந்தையை விட்டுச் செல்லும் தாய்மார்கள், மருத்துவமனையில் கொடுத்த சுகாதாரக் கையேட்டில் இதைப் பற்றிக் குறித்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பாட்டியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.