சுவருக்கும் மூச்சு உண்டு

கானாடுகாத்தான், காரைக்குடி நகரத்தார் வீடுகளில் சுவரைத் தொட்டவர்கள் அந்தக் குளிர்ச்சியை மறப்பதில்லை. சுண்ணாம்புச் சாந்தின் மேல் முட்டை வெண்கரு கலந்த பூச்சை இழைத்து இழைத்துப் பெற்ற வழவழப்பு அது. திருமணம் நெருங்குகையில், பங்காளிகள் கூடிச் செலவைப் பகிர்ந்து, நாள் குறைவென்று எமல்ஷன் பூசிவிடுவதுண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்புடையது. எமல்ஷன் அவ்வழியை அடைத்துவிட, ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு கொப்புளித்துச் சாந்தோடு உதிரும். மீண்டும் இழைக்கக் கைதேர்ந்த கொத்தனார் எளிதில் கிடைப்பாரா? வழவழப்புச் சுவரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். ஏனைய சுவர்களுக்கு, நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டி மெல்லியதாகப் பலமுறை அடிக்கலாம்.

நிலைவாசல் கஜலட்சுமிக்கோ எனாமல் வேண்டவே வேண்டாம். தேக்கில் செதுக்கிய தாமரை இதழ்கள் வண்ணத்துக்குள் மூழ்கிவிடும். வெள்ளிதோறும் குங்குமமிடும் கைக்கு அன்னையின் திருமுகம் தெரிய வேண்டும்.